ஆறு மீட்டர் அலை

கம்பத்தில் மெகருன்னிசா வீட்டு மாடியில் நின்றால் திராட்சைப் பந்தல் தெரியும், மலை தெரியும். கடல் தெரியாது. இருந்தும், செயற்கைக்கோள் ரேடார் அளந்த அலைகள் சரியா தவறா என்பது அந்த மாடியறையில்தான் தீர்ப்பாகிறது. கப்பல்களுக்கு வழி சொல்லும் சென்னைக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை.

"கடலோட நாடி நம்ம கையில," என்று திங்கள்தோறும் மீட்டிங்கில் முழங்குவார் மேலாளர் தங்கப்பாண்டியன். தேக்கடிப் படகில் ஏறி உட்கார்ந்ததுமே வாந்தி எடுத்தவர்.

நாடி பார்ப்பது ஒன்றும் மாயமில்லை. ரேடார் தான் பறக்கும் பாதையில் கடல்மேல் ஒரு கோடு மட்டும் கிழித்துப் போகும். அமைதியான கடலென்றால் நீரில் பட்டுத் திரும்பும் எதிரொலி திரையில் வெடுக்கென்று எழும். அலை பெரிதென்றால் சாய்ந்து, இழுத்துக்கொண்டு எழும். நடுவில் கனமழை பெய்தால் கணக்குக் கெட்டுவிடும். அப்போது 'மழை' என்று குறித்துத் தள்ளிவிட வேண்டும். கொள்வதா தள்ளுவதா என்று பார்ப்பதற்குத்தான் மெகருன்னிசாவுக்குச் சம்பளம்.

அன்று வந்த கோட்டில் ஆறு மீட்டர் அலை. ஆப்பிரிக்காவிலிருந்து கொச்சிக்கு வரும் சரக்குக் கப்பல் ஒன்றுக்கு நேர் எதிரே. அதில் சமையல்காரன் ரியாசுதீன், அவள் புருஷன். கொச்சியில் இறங்கி, குமுளி வழியாகப் பெருநாளுக்கு வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தான். கப்பல் சுற்றிப் போனால் பெருநாள் முடிந்துதான் வருவான். போன பெருநாளும் அதற்கு முந்தையதும் அவனுக்குக் கடலில்தான்.

அவள் மழையைத் தேடினாள். மேகப் படத்தைத் திறந்து மூலைமூலையாகத் துழாவினாள். ஒரு பொட்டு கிடைத்தால் போதும், தள்ளிவிடலாம். எதிரொலி கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. கம்பெனியில் யாரும் சரிபார்க்கப் போவதில்லை; 'மழை' என்ற பொத்தானும் கைக்கெட்டும் தூரத்தில்தான். கப்பலின் அடுப்பில் கொதிக்கும் அண்டாவையும் பக்கத்தில் நிற்பவனையும் நினைத்தாள். 'சரி' என்று அழுத்தினாள்.

மறுநாள் ரியாசுதீன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

"மெகரு, கப்பலைத் திருப்பிட்டாக. எவனோ ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு அலை பெருசுங்கிறான். இங்கன கடல் தாம்பாளமாட்டம் கெடக்கு."

"ஏசியெல்லாம் இல்ல மச்சான். ஃபேன்தான்."

எஞ்சின் சத்தத்துக்கு மேல் அவன் குரல் உயர்ந்தது.

"நீயா?"

"ம்."

"அடிப்பாவி. வந்து பேசிக்கிறேன்."

"வந்து பேசணும்னுதான் மச்சான் திருப்பிவிட்டேன்."

சிரித்தானா என்று தெரிவதற்குள் லைன் அறுந்தது. கப்பலின் புதிய வழியைத் திரையில் எடுத்தாள். அந்தப் பக்கம் ரேடார் கோடு எதுவும் விழவில்லை; அங்கே அலை எவ்வளவென்று அவளுக்கும் தெரியாது. வெறும் நீலம். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.