இரண்டாவது கீபோர்டு

உயிரில்லாத கீபோர்டைப் பேனாவின் பின்முனையால் குத்திக்கொண்டிருந்தார் மேனேஜர் ஸ்ரீநிவாசன். நீலகிரியில் பிக்கட்டிக்கு மேலேயிருக்கும் அந்தத் தேயிலை ஃபேக்டரியில், தூளிலிருந்து காம்பைப் பிரிக்கும் மெஷினின் கம்ப்யூட்டர் போர்டு முந்தின நாள் செத்துப்போயிருந்தது. புதுப் போர்டோடு வந்திருந்தாள் சசிகலா.

“ஷாக் அடிக்குதுங்களா சார்?”

“அதெல்லாம் இல்லீங்க. ஒரு சுத்தம்தான்.” பேனாவைத் துடைத்துப் பையில் செருகிக்கொண்டார்.

அந்தக் கீபோர்டை எட்டு வருஷமாகத் தட்டி வருகிற ஆபரேட்டர் அருள்ராஜ் சுவரோரமாக நின்றிருந்தார்.

சசிகலா கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். தூள், செத்த கரப்பான்கள், எலி மூத்திர வாடை. இதெல்லாம் அவளுக்குத் தினமும் இருப்பதுதான். கரப்பான்களை வெறுங்கையால் அள்ளிப் போட்டாள். புதுப் போர்டைத் திருகி, ஹார்டு டிஸ்க்கையும் திரையையும் இணைத்தாள். பழைய கீபோர்டையும் மவுஸையும் செருகியபோது, மேனேஜர் மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளைக் கீபோர்டு ஒன்றை எடுத்து வந்தார்.

“இதையும் மாட்டி உடுங்க. அது அவனுக்கு, இது எனக்கு.”

“ஒண்ணே போதுமே சார்.”

“கூலி லயத்து லைன்காரன் கை படறதுங்க. உங்களுக்குத் தெரியாததா? நல்ல ஊட்டுப் புள்ளைன்னு பாத்தாலே தெரியுது. ஊடு எங்கீங்க?”

“குன்னூருங்க.”

பொய்யில்லை. வாடகை வீடு அங்கேதான். அப்பா இருபது வருஷம் மூட்டை தூக்கிய எஸ்டேட்டின் பெயரை மட்டும் சொல்லாமல் விட்டாள்.

“போர்டுல ரெண்டு சாக்கெட்தான் சார். ஒண்ணை ரெண்டாப் பிரிக்கற ஹப் போட்டாத்தான் ஆகும்.”

“அப்ப ரெண்டும் ஒரே வயர்லயா போகும்?” அவர் முகம் சுளித்தது.

“உள்ள ஒண்ணாத்தான் சேரும்.”

“செரி உடுங்க. கண்ணுக்குத் தெரியாதில்ல.”

அவர் போன் பேச வெளியே போனார். இரண்டு கீபோர்டைப் போர்டு தாங்காது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். அவளோ பையைத் திறந்து ஹப்பைத் தேடினாள். அருள்ராஜ் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“நீ சுடலைமுத்து அண்ணன் மகதானே? பத்தாம் நம்பர் லயம்?”

அவள் கை அப்படியே நின்றது. சுவருக்கு அப்பால் தேயிலை உலர்த்தும் டிரையர் இரைந்துகொண்டிருந்தது.

“பயப்படாத புள்ள. நான் சொல்ல மாட்டேன்.”

அவள் ஹப்பை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் குனிந்தாள். சாக்கெட் இருட்டில் இருந்தது. அவரே டார்ச்சைப் பிடித்தார். அந்த வெளிச்சத்தில்தான் வெள்ளைக் கீபோர்டைச் செருகினாள்.

ஒவ்வொரு பட்டனாகத் தட்டிப் பார்த்தாள். பெட்டிக்குள் அள்ளிய அழுக்கு, அவள் விரல் பட்ட இடமெல்லாம் பழுப்பாகப் பதிந்தது. துடைக்கத் துணியை எடுத்தவள், மறுபடி பைக்குள்ளேயே வைத்துவிட்டாள். அருள்ராஜ் அதைப் பார்த்தார்.

மேனேஜர் வந்து உட்கார்ந்தார். பேனா வேண்டியிருக்கவில்லை, பத்து விரலையும் பட்டன்கள்மேல் பரப்பித் தட்டினார். “ஆகா, எவ்வளவு சொகமா இருக்குதுங்க!” சர்வீஸ் ரிப்போர்ட்டை வாங்கி, விரலை நாக்கில் தொட்டு ஒரு தாளைத் திருப்பினார். மறுபடி பட்டன், மறுபடி நாக்கு, மறுபடி தாள். கையெழுத்துப் போட்டார்.

அருள்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச் இன்னும் எரிந்தது.

“டீ குடிச்சுட்டுத்தான் போகோணும்,” என்று மேனேஜர் சிரித்தார். அவருடைய கீழுதட்டில் பழுப்பாக ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. அவர் பேசப் பேச அதுவும் அசைந்தது.