பாதி ஊசி

நீல மூடிக் குழாயில் ரத்தம் கோடு வரைக்கும் நிறைந்திருக்க வேண்டும். குறைந்தால் கணக்கு தப்பிவிடும். அப்படி வருகிற குழாய்களை யார் எவர் என்று பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். லேபில் இருக்கிற எனக்கு வார்டில் ‘கோடு மேடம்’ என்று பெயர். வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும்.

அன்று வந்த குழாய் சரியாகக் கோட்டைத் தொட்டிருந்தது. ஹீமோஃபிலியா உள்ள ஓர் இளைஞனுடையது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஃபேக்டர் எட்டு அவன் உடம்பில் பிறவியிலேயே இல்லை. அதை ஊசியாக வீட்டிலேயே போட்டுக்கொள்கிறவன். அப்படியும் வலது முட்டிக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. சிலருக்கு உடம்பே அந்த மருந்தை அந்நியமாக நினைத்து, எதிரிபோல அடித்துப்போடும். அதற்குப் பிறகு எவ்வளவு போட்டாலும் விழலுக்கு இறைத்த நீர்தான். டாக்டர் அதைத்தான் சந்தேகப்பட்டார்.

குழாயைக் கொண்டு வந்தது அவனுடைய அக்கா. எட்டு மாத வயிறு.

“மேடம், நல்ல ரத்தத்தோட கலந்து பாப்பீங்களாமே. என்னோடத எடுத்துக்குங்க.”

“உன்னோடது ஆகாதும்மா. அந்தக் குறை உன்கிட்டயும் கொஞ்சம் இருக்கலாம்.”

“இருக்கு மேடம், பாத்துட்டாங்க. பையனா பொறந்தா அவனுக்கும் வரலாமாம்.” வயிற்றைத் தடவிக்கொண்டாள். “தம்பிக்கு இனிமே மருந்து கேக்காதுன்னா…”

எனக்கு எரிச்சலாக வந்தது, அவள்மேல் இல்லை.

“நின்னுக்கிட்டே இருந்தா ரிசல்ட் சீக்கிரம் வந்துடுமா? போய் உக்காரு” என்று விரட்டினேன். விரட்டிவிட்டு நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன்.

அவன் ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்த பிளாஸ்மாவை நல்ல பிளாஸ்மாவோடு சரிபாதி கலந்தேன். மருந்தை அடிக்கும் எதிரி அவன் ரத்தத்தில் இருந்தால் நல்ல பிளாஸ்மாவையும் நேரத்துக்கு உறையவிடாது. உடனே பார்த்தபோது நேரத்துக்கு உறைந்தது. ஆனால் அதை நம்பக் கூடாது, இந்த எதிரி நின்று கொல்கிறவன். உடம்புச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். வைத்தேன், டீ ஆறிப்போனது, பார்த்தேன். கொஞ்சமும் தாமதமில்லை. எதிரியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தனியாக நின்று சிரித்தேன்.

அப்புறம்தான் சந்தேகம் முளைத்தது. மருந்தை உடம்பு அடிக்கவில்லை என்றால் அது எங்கே போனது? அவன் ரத்தத்தில் ஃபேக்டர் பேருக்குத்தான் இருந்தது.

லேபை விட்டு வார்டுக்குப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. அன்று அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். வீங்கிய முட்டியைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தான்.

“தம்பி, உன் உடம்புல ஒரு கோளாறும் இல்ல. நீ ஊசி போடுறியா, போடுறேன்னு சொல்றியா?”

அக்காவைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான்.

“ஒவ்வொரு தடவையும் ரெண்டு பாட்டில்ல ஒண்ணுதான் போடுறேன் மேடம்.”

“இன்னொண்ணு?”

“ஃப்ரிட்ஜ்ல இருக்கு.”

“எதுக்குடா?” என்றாள் அக்கா.

“உனக்குப் பையன் பொறந்தா வேணும்ல? எனக்குச் சின்ன வயசுல மருந்து கெடைக்கல, முட்டி இப்படி ஆயிடுச்சு. அவனுக்கு மொத நாள்லேர்ந்தே இருக்கணும்.”

“பொண்ணா பொறந்தா?”

“அப்ப நானே போட்டுக்குவேன். வேஸ்ட் ஆகாது.”

திட்டத்தான் வாயைத் திறந்தேன். மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு, குழந்தைக்கு வேண்டியதைத் தனியாகவே தருவார்கள், பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் நானே பார்த்துச் சொல்வேன் என்று சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. ஆனால் இப்படி ஒரு முட்டாள் எனக்குத் தம்பியாகப் பிறக்கவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

அக்கா அழவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பையனோ பொண்ணோ, அது வந்து தாய்மாமன் மடியிலதான் உக்காரும். காலை மடக்கவே முடியலன்னா மடிக்கு எங்கடா போவ, லூசு?”

அவன் தன் முட்டியைப் பார்த்தான். பிறகு சட்டையைச் சுருட்டிவிட்டுக் கையை என் பக்கம் நீட்டினான்.

“நர்ஸக் கூப்பிடுங்க மேடம். முழுசா போடச் சொல்லுங்க.”