பெட்டிக்காரனின் அக்கா

மேசைக் கணினியை மாற்றுவதா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவதா என்று திண்டாடுகிறவர்கள் அந்த மாத இதழை வாங்கியதும் நேராக முப்பத்தெட்டாம் பக்கத்துக்குப் போவார்கள். ‘பெட்டிக்காரன்’ என்ற பெயரில் அங்கே ஒருவன் பத்து வருடமாகக் கேள்வி பதில் எழுதிவந்தான். புனைபெயரே நிலைத்துப்போய், அலுவலகத்தில் காவலாளி முதல் ஆசிரியர் வரை எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் நேர்மையானவன். கேட்டவர் கட்டட வரைபடம் போடுகிறவரா, பிள்ளைகளின் விளையாட்டுக்காக வாங்குகிறவரா என்று பார்த்து அதற்குத் தக்கபடி சொல்வான். ரேமை மட்டும் கூட்டினால் போதும் என்றால் போதும் என்றே எழுதுவான். விளம்பரம் தருகிற கம்பெனிக்காரர்களின் முகம் சுண்டிப்போகுமே என்று பார்க்க மாட்டான். முகம் தெரியாத ஒரு வாசகருக்காக இரண்டு நாள் மெனக்கெட்டு, நாலு கடை ஏறி இறங்கிப் பதில் எழுதியதும் உண்டு. கம்பெனிகள் பரிசோதனைக்கு அனுப்பிய கணினிப் பெட்டிகள் ஏழெட்டு அவன் வீட்டு முன்னறையில் எப்போதும் கிடக்கும். ஒன்றுக்குப் பக்கவாட்டில் கண்ணாடி, ஒன்றுக்குள் கலர் கலராக விளக்கு, இன்னொன்று புத்தகம் அளவுக்குச் சிறுத்தது. எல்லாவற்றையும் ஒரு மாதத்தில் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

அக்காவுக்கு மட்டும் அவன் ஒரே சொல்லில் பதில் சொல்லிவந்தான். “பொறு.”

அக்கா அவனைவிட ஆறு வயது மூத்தவள். இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிவீட்டில் அத்தானோடு இருந்தாள். அத்தான் குளிர்பதனக் கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டினார். அக்கா வீட்டில் இருந்தபடியே பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆய்வேடு தட்டச்சு செய்து கொடுத்தாள். நானூறு பக்கம், ஆயிரம் அடிக்குறிப்பு, பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை என்று வந்தாலும் ஓரம் ஒரு நூல் விலகாது. ஆய்வாளர் தவறாக எண் போட்ட படத்தைக்கூட அவளே கண்டுபிடித்து, “இது பன்னெண்டா, பதிமூணா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க” என்று போன் செய்வாள். அவளிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சமர்ப்பிக்கலாம் என்று ஒரு பேர் இருந்தது.

இத்தனையையும் அவள் செய்தது ஒரு பழைய சாம்பல் நிறப் பெட்டியில். மேசைக்கு அடியில் அது குந்தியிருக்கும். பென் டிரைவ் செருக முன்பக்கம் இருந்த இரண்டு துளைகளும் என்றைக்கோ செத்துப்போயிருந்தன. பின்பக்கத்தில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. மாணவர் யாராவது பென் டிரைவை நீட்டினால் அக்கா மண்டியிட்டு, மேசைக்கு அடியில் தலையை நுழைத்து, கையால் துழாவிச் செருகிவிட்டு, வெளியே வரும்போது விளிம்பில் இடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். ஃபேன் போடுகிற சத்தத்தைக் கேட்டு, போனில் பேசுகிறவர்கள், “என்ன மேடம், அங்க நல்ல மழையா?” என்பார்கள்.

“டேய், மாத்திடலாமாடா?” என்று அவள் முதன்முதலாகக் கேட்டபோது அவன் சொன்னது சரியான பதில்தான்.

“இப்ப வேணாங்கா. ஆறு மாசம் பொறு. புது சிப் வருது, பழசெல்லாம் விலை இறங்கிடும்.”

அவன் சொன்னபடியே இறங்கியது. ஆனால் அதற்குள் வேறொன்று வரப்போவதாகச் செய்தி வந்தது. இரண்டாம் முறையும் பொறுக்கச் சொன்னான். அதில் பாதி உண்மை, பாதி சோம்பல். வாங்கினால் அவன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவளுடைய கோப்புகளை எல்லாம் மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இதற்கு நடுவே ஒரு மாதம் உருப்படியான கேள்வி ஒன்றுகூட வரவில்லை. பக்கத்தை நிரப்ப வேண்டுமே என்று அவன் அக்காவின் பெட்டியைப் பற்றி எழுதினான். மழைச் சத்தம், மேசை அடியில் தலைகீழாக நிற்கும் அக்கா, துடைப்பதற்காக மூடியைத் திறக்கப்போய்த் திருகாணியைத் தொலைத்துவிட்டுத் துணிக் கவ்வி போட்டு வைத்திருப்பது எல்லாம் அதில் இருந்தது. கொஞ்சம் உப்பு காரம் சேர்த்துத்தான் எழுதினான். அக்கா படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “என் மானத்த வாங்கிட்டியேடா பாவி” என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

வாசகர்கள் விடவில்லை. அடுத்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, ‘அக்கா சௌக்கியமா?’ என்றுதான் தொடங்கின. அதிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது அக்கா அந்தப் பக்கத்துக்கு வந்துவிடுவாள். ‘உங்களுக்கு எப்படிப்பட்ட கணினி வேண்டும்?’ என்று இதழ் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியபோது அவன் அக்காவையும் கேட்டான். அவள் சமையலறையில் வேலையாக இருந்தபடியே சொன்னாள்.

“செருகுற இடத்த குனியாம கைக்கெட்டுற மாதிரி மேல வைக்கச் சொல்லு. சத்தம் போடக்கூடாது. தூசு தட்டுறதுக்கு ஆணி கழட்டாம மூடி தெறக்கணும். வேறென்ன, அதுக்குள்ள லைட்டு எரிஞ்சா நான் என்ன டான்ஸா ஆடப்போறேன்?”

அதை அப்படியே ‘அக்காவின் கோரிக்கைகள்’ என்று வேடிக்கையாகப் போட்டான். வாசகர்களோ வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், அக்கா கேட்டதுதான் வேண்டும் என்று எழுதித் தள்ளினார்கள். கணினி தயாரிக்கும் ஒரு கம்பெனி அவனைக் கூப்பிட்டுப் பேச வைத்து, சால்வைக்குப் பதிலாக ஒரு கேடயம் கொடுத்தது. மறு வருடம் அவர்கள் அனுப்பிய புதுப் பெட்டியில் துளைகள் மேல் விளிம்பில் இருந்தன. அவன் புகழ்ந்து எழுதினான். அந்தப் பெட்டி ஒரு மாதம் அவன் முன்னறையில் இருந்துவிட்டுத் திரும்பிப் போனது. இரண்டு தெரு தள்ளி இருந்த அக்கா அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்கா ஒருநாள் தீர்மானமாக வந்தாள்.

“இந்தத் தடவ வாங்கிடலாம்னு இருக்கேன். அத்தானும் சரின்னுட்டாரு. எது வாங்கலாம்னு மட்டும் சொல்லு.”

அதற்கு முந்தின வாரம்தான் ஆசிரியர் அவன் தோளில் தட்டி, “யோவ் பெட்டிக்காரா, அக்கா மட்டும் புதுசு வாங்கிடாம பாத்துக்கய்யா. நம்ம பொழப்பே அவங்க கையில இருக்கு” என்று சிரித்திருந்தார். அவனும் சிரித்திருந்தான்.

“உன் வேலைக்கு இது போதும்கா. அடிக்கிறதுக்கு எதுக்கு அவ்ளோ பெரிய மிஷின்? இன்னும் ஒரு வருஷம் ஓட்டு, பாத்துக்கலாம்.”

அக்கா அவனை ஒரு கணம் பார்த்தாள். “நீ சொன்னா சரிதான்” என்றாள். வாங்கவில்லை.

அதன் பிறகு மூன்று வருடம் போனது.

கையிருப்பில் இருந்த அக்கா கதைகள் தீர்ந்துபோய், ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, பக்கத்துக்குப் புதிதாக ஏதாவது கிடைக்குமா என்று பல மாதம் கழித்து அவன் அக்கா வீட்டுப் படியேறினான். கதவைத் திறந்தது அத்தான். இரவு வேலை முடிந்து வந்து தூங்கி எழுந்த முகம். வீட்டில் சத்தமே இல்லை. மேசைமேல் விரிப்பு போட்டு இஸ்திரிப் பெட்டி வைத்திருந்தது. மேசைக்கு அடியில் ஒன்றும் இல்லை.

“அக்கா எங்கத்தான்?”

“வேலைக்குப் போயிருக்கா. கண் ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்குற எடத்துல. நாலு மாசமாச்சு.”

“எதுக்கு? டைப்பிங் என்னாச்சு?”

அத்தான் அதிகம் பேசுகிறவர் இல்லை. உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் எதிரே உட்கார்ந்தார்.

“மண்ணியல் படிக்கிற பொண்ணு ஒண்ணு வந்துச்சு. உங்கக்கா குனிஞ்சு பென் டிரைவ் போடுறதப் பாத்துட்டு, ‘ஐயோ, இதுதானா அந்தப் பெட்டி? நீங்கதானா அந்த அக்கா?’ன்னு ஒரே குஷி. போட்டோல்லாம் புடிச்சுது. அப்புறம் அது மத்தவங்கிட்ட காட்டிருக்கு. அவங்க வாத்தியாருங்க வரைக்கும் போயிருக்கு. அஞ்சு வருஷம் உயிரக் குடுத்து எழுதினத அந்த டப்பாவுலயா கொண்டுபோய் வைக்கப்போற, பாதியில நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவன்னு கேட்டாங்களாம். ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. கையில இருந்த ரெண்டு வேலையையும் வந்து திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

“அத்தான், அந்தப் பெட்டி ஒரு பக்கத்தக்கூடத் தொலைச்சதில்லையே!”

“இல்ல. ஒரு எழுத்தக்கூடத் தொலைச்சதில்ல.” அத்தான் விரிப்பின் சுருக்கத்தை நீவினார். “ஆனா படிக்கிறவங்களுக்கு அது எப்படித் தெரியும்? நீ அதச் சொல்லலயே.”

அக்காவைப் பற்றி எழுதிய கட்டுரைகள் ஒன்றுவிடாமல் அவன் மனதில் ஓடின. மழைச் சத்தம் இருந்தது. துணிக் கவ்வி இருந்தது. அக்காவின் வேலை எப்பேர்ப்பட்டது என்று ஒரு வரி எழுதியிருக்கிறானா? இல்லை. எழுதினால் சிரிப்பு வராது என்று விட்டிருந்தான்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்ல வேணாம்னுட்டா. நீ மனசு கஷ்டப்படுவியாம்.”

அந்த வாரமே அவன் கடைக்குப் போய் ஒன்று வாங்கினான். பரிசோதனைக்கு வந்ததை அல்ல, தன் காசில். அக்கா கேட்ட மூன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கிக்கொண்டு படியேறி, மேசையைத் துடைத்து, எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தான். அக்கா கிட்டே வந்து மேல் விளிம்பில் இருந்த துளைகளை விரலால் தடவிப் பார்த்தாள். மூடியை ஒரு கையால் திறந்து மூடினாள். காதைக் கொடுத்துக் கேட்டாள்.

“ஓடுதா இது? சத்தமே இல்லையேடா.”

“அப்படித்தாங்கா இருக்கும்.”

“நல்லாருக்கு.” நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டின் மேல் விரல்களை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். பிறகு எடுத்துவிட்டாள். “யாருக்குடா அடிக்கிறது?”

“அக்கா, நான் எழுதுறேன். அக்கா புதுசு வாங்கிட்டான்னு போடுறேன். திரும்ப வருவாங்க.”

“வேணாம்.”

“ஒரே ஒரு தடவ...”

“வேணாம்னு சொல்றேன்ல. இனிமே என்னைப் பத்தி எழுதாத.”

அவள் குரலை உயர்த்தவில்லை. சொல்ல வந்ததை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அவன் தொடங்கினான்.

“அன்னைக்கு நீ வாங்கப்போறேன்னு வந்தப்ப, நான் வேணாம்னது...”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“உன் பக்கத்துக்காகத்தான் வேணாங்கிறேன்னு தெரியும். ஒரு ஜோடி செருப்பு வாங்குறதுல பொய் சொன்னாலே உன் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். பெட்டி விஷயத்துல தெரியாமப் போயிடுமா?”

“தெரிஞ்சுமா வாங்காம இருந்த?”

“உன் பக்கம் நல்லா ஓடிட்டிருந்துச்சே” என்றாள் அக்கா. “இவ்ளோ தூரம் போகும்னு நான் என்னத்தக் கண்டேன்.” பிறகு, “கோவமில்லையான்னு மட்டும் கேட்டுராத. இருக்கு” என்றாள்.

அவன் கேட்கவில்லை. முதல் ‘பொறு’ நல்ல புத்தி. இரண்டாவது சோம்பல். மூன்றாவதுக்குப் பேர் வேறு. அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் அன்றும் அவனுக்கு வரவில்லை.

அடுத்த மாதம் முப்பத்தெட்டாம் பக்கத்தில், கணினியை எப்போது மாற்ற வேண்டும் என்று ஒரே ஒரு கேள்விக்கு அவன் பதில் எழுதினான். அதை வைத்துத்தான் சாப்பிடுகிறீர்கள் என்றால், இன்னும் ஆறு மாதத்தில் என்ன வரும் என்று என்னைப் போன்றவர்களைக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், இடைஞ்சல் கொடுக்கத் தொடங்கிய அன்றே மாற்றுங்கள் என்று போட்டான். ஆசிரியருக்குச் சப்பென்று இருந்தது. ‘அக்கா எங்கே?’ என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. ஏழெட்டு மாதம் வந்துவிட்டு நின்றுபோயின. பக்கத்தின் மவுசும் குறைந்து, கடைசியில் அது அரைப் பக்கமானது.

புதுப் பெட்டியை மாட்டிக் கொடுத்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் அக்கா வீட்டுக்குப் போய்வந்தான். புதுப் பெட்டியில் அக்கா பாட்டுக் கேட்பாள், மின்கட்டணம் கட்டுவாள். அப்படி ஒரு ஞாயிறு, டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தவள் ஏதோ நினைத்துக்கொண்டு சிரித்தாள்.

“ஆஸ்பத்திரியில நேத்து ஒரு ஆள் வந்தாருடா. கண்ணுல மருந்து விட்டு உக்கார வச்சிருக்காங்க. ஒண்ணும் தெரியல அவருக்கு. என்னை வந்து...”

பாதியில் நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

“சரி விடு. ஒண்ணுமில்ல.”

“சொல்லுக்கா. நான் எழுத மாட்டேன்.”

“தெரியும்டா. ஒண்ணும் பெருசா இல்ல அது. டீயக் குடி, ஆறிடப்போகுது.”

டீயைக் குடித்தான். அத்தானின் முதுகுவலியைப் பற்றியும் தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றியும் பேசினார்கள். விடைபெற்றுக்கொண்டு அவன் பாதிப் படி இறங்கியிருப்பான். மேலே அக்கா அத்தானிடம் அந்தக் கண் மருந்துக்காரரின் கதையைச் சொல்லத் தொடங்குவது கேட்டது. வார்த்தைகள் பிடிபடவில்லை, குரல் மட்டும் ஏறி இறங்கியது. அதிகம் பேசாத அத்தான் வெடித்துச் சிரித்தார், அக்காவும் சேர்ந்துகொண்டாள். அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, சிரிப்பு அடங்குகிற வரை அங்கேயே நின்றான். பிறகு மிச்சப் படிகளை இறங்கித் தெருவுக்கு வந்தான்.