ஆர்லீன் எழுதிய பதினான்கு சீட்டுகள்

பாலத்துக்கு இந்தப் பக்கம் மிச்சிகன், அந்தப் பக்கம் விஸ்கான்சின். நடந்தால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் சட்டமும் மாறிவிடும் என்பது அறுபத்தெட்டு வயது வரைக்கும் ஆர்லீனுக்குத் தெரியாமலே போயிற்று.

இந்தப் பக்கம் அயர்ன்வுட்டில் அவளுக்குப் பாஸ்டிக் கடை. இறைச்சி, உருளைக்கிழங்கு, மஞ்சள் ருட்டபேகாக் கிழங்கு மூன்றையும் மாவில் வைத்து மடித்துச் சுடுகிற பாஸ்டி. அந்தப் பக்கம் ஹர்லியில் தங்கை சில்வி, வேலை பார்த்த துணிக்கடை மூடிவிட்டதால் வீட்டில் இருந்தாள்.

"நீயும் ஒரு கடை போடுடீ. பேரு என்னோடது, செய்முறை என்னோடது. மாசாமாசம் ஏதோ குடு," என்றாள் ஆர்லீன். 'ஆர்லீன் பாஸ்டி' என்று பலகையும் அவளே எழுதி வாங்கிவிட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கமும் தன் பெயர் நிற்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை அவளுக்கு.

பலகையை மாட்டுமுன் இருவரும் வக்கீல் டீனா பெல்லோமோவிடம் போனார்கள்.

"இதுக்குப் பேரு ஃபிரான்சைஸ்ம்மா," என்றாள் டீனா.

"தங்கச்சிக்கு ஒரு கடை வச்சுக் குடுக்கிறேன். நான் என்ன நாடு பூராக் கிளை வைக்கிற கம்பெனியா?"

"சட்டத்துக்குத் தங்கச்சியத் தெரியாது. உங்க பேரு, உங்க அதிகாரம், உங்களுக்குக் கட்டணம். மூணும் சேந்தா ஃபிரான்சைஸ். விஸ்கான்சின்ல பதிவு பண்ணணும். மிச்சிகனுக்குத் தனியா அறிவிப்பு. உங்க வரலாறு, வழக்கு, கணக்கு எல்லாம் போட்டுத் தலகாணி கனத்துக்கு ஒரு ஆவணம். அத இவங்க கையில குடுத்தப்புறம் பதினாலு நாள் கழிச்சுத்தான் கையெழுத்து."

"பதினாலு நாளா? இவ கல்யாணத்துக்கே அவ்வளவு யோசிக்கலையே!"

"அக்கா!" என்றாள் சில்வி.

"மூணுல ஒண்ண விட்டுட்டா இந்த வம்பே இல்ல. எத விடறீங்க?" என்று டீனா கேட்டாள்.

"காச விடறேன்," என்றாள் ஆர்லீன் சட்டென்று.

"முடியாது. குடுத்தே தீருவேன்," என்றாள் சில்வி. "காசு குடுத்தாத்தானே ஒரு நாளாவது உன்ன வாய மூடுன்னு சொல்ல முடியும்?"

பெயரை விட ஆர்லீனுக்கு மனம் வரவில்லை. மிச்சம் இருந்தது அதிகாரம். தலையிட மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"ஒரு யோசனை, ஒரு திருத்தம், ஒரு முறைப்புக்கூட ஆகாது," என்றாள் டீனா.

"நான் என்னைக்கும்மா முறைச்சேன்?"

சில்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடை திறந்த மறுநாளே ஆர்லீன் பாலம் தாண்டிப் போனாள், வெறும் வாடிக்கையாளராக. காசு கொடுத்து ஒரு பாஸ்டி வாங்கிப் பிட்டாள். உள்ளே ருட்டபேகாவைக் காணோம். கேரட்! போதாததற்கு மேலே குழம்பு வேறு. வாயைத் திறந்தாள். போட்ட கையெழுத்து ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள்.

மேசை மேல் வாடிக்கையாளர் கருத்துச் சீட்டுகள் இருந்தன. 'கேரட் முயலுக்குப் போடுவது' என்று எழுதி, 'இப்படிக்கு, ஒரு அந்நியர்' என்று முடித்தாள். அடுத்த நாள் மாவின் கனத்தைப் படம் வரைந்து காட்டினாள். அப்புறம் அடுப்பின் சூடு, உப்பின் அளவு, ஓரம் மடிக்கும் விதம். ஒன்பது நாளில் பதினான்கு சீட்டு. அக்காவின் கையெழுத்து சில்விக்குத் தெரியாதா? ஒன்றையும் கிழிக்காமல், ஒன்றையும் கேட்காமல், சுவரில் வரிசையாகக் குத்தி வைத்தாள்.

ஒன்பதாம் நாள் மதியம் டீனா அங்கே சாப்பிட வந்தாள். சுவரைப் படித்தாள். பாதிப் பாஸ்டியை அப்படியே வைத்துவிட்டு ஆர்லீனைக் கூப்பிட்டனுப்பினாள்.

"அம்மா, இது கருத்து இல்ல, கையேடு. பக்க எண்தான் போடல."

"இந்த ஊர்ல வாடிக்கையாளருக்கு வாயே கிடையாதா?"

"எந்த வாடிக்கையாளரும்மா அடுப்பு எத்தன டிகிரின்னு எழுதுவாங்க?"

"எழுதினாத்தானே மாவு வேகும்!"

"அதிகாரம் போகலன்னா வேற ஒண்ணு போகணும்மா."

சில்வி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பேரு இருக்கட்டும் அக்கா. நீ இந்தப் பக்கம் வராம இரு, போதும்."

ஆர்லீன் கண்ணாடி வழியாகப் பலகையைப் பார்த்தாள். சிவப்பு எழுத்து. பாலத்திலிருந்தே தெரியும்.

"வராமலேவா?" என்றாள். அப்புறம், "ஏணி எங்கடீ?" என்றாள்.

பலகை இறங்கியது. சில்விக்குத்தான் முகம் வாடிப்போயிற்று. "பேரே இல்லாம இனி உனக்கு எதுக்குன்னு காசு குடுப்பேன்?"

"சம்பளமாக் குடுங்களேன்," என்றாள் டீனா. "வேலைக்கு வர்றவங்க முதலாளிகிட்ட எவ்வளவு வேணா பேசலாம். எந்த மாநிலமும் கேக்காது."

"யாரு வேலைக்கு வர்றது?" என்று கேட்டாள் ஆர்லீன். இருவரும் அவளையே பார்த்தார்கள்.

மறுநாள் காலை, தன் கடையை மருமகளிடம் விட்டுவிட்டு ஆர்லீன் பாலம் தாண்டினாள். சில்வி ஒரு சமையல் மேலங்கியை நீட்டினாள். கடையின் முதல் உத்தரவும் கூடவே வந்தது.

"கேரட் நறுக்கு."

"முதலாளியம்மா சொன்னாச் சரி."

ஆர்லீன் கத்தியை எடுத்தாள். அவளுடைய மேலங்கிப் பையில் உருண்டையாக ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. ஒரு ருட்டபேகா இருக்கும். சில்வி அதைப் பார்த்தாள். பார்க்காதவள் போல அடுப்புப் பக்கம் போனாள்.

"அக்கா, எத்தன டிகிரி வைக்கணும்?"

"சுவத்துல இருக்குடீ. படிச்சுக்கோ."