முன்வரிசை மண்

பெரியாயியின் அவரைக்கொடி பூத்திருந்த சமயத்தில்தான் பதுளை நகரத்துக்கு ஆகாய விமானத்தின் மேல் ஆசை வந்தது.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று புதுவிதமாக ஒரு விமானம் செய்துகொண்டிருந்தது. இரண்டு எஞ்சின், வெளியே காற்றாடி சுழலும், உள்ளே ஜெட்டின் நெருப்பு எரியும். ஆளையும் ஏற்றும், மூட்டையையும் ஏற்றும்; கையகலப் புல்தரை கிடைத்தால் இறங்கிவிடும். மலைநாட்டில் அதைச் சோதிக்கப் போகிறார்கள் என்றதும் ஊர் வக்கீல் புரக்டர் தம்பையா தலைமையில் ஒரு குழு பிறந்தது. விமானம் முழுசாகப் பிறக்கும் முன்பே அதற்குத் தலைவரும் இரண்டு உபதலைவர்களும் தயார்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் விமானம் இறங்க மட்டமான தரை, கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால்தான் இருந்தது. அதன் ஓரத்தில் பெரியாயியின் மரக்கறிப் பாத்தி. முன்பு அங்கே கல்தான் விளைந்தது. ஓடைக்கரை வண்டலையும் மாட்டுச் சாணத்தையும் வருஷக்கணக்காகக் கூடையில் சுமந்து அவள் உண்டாக்கிய மண் அது.

"கொடியப் பிடுங்கச் சொல்லிட்டாங்க புள்ள," என்றான் புருஷன் மாடசாமி.

"கொடி போனாப் போகுது. மண்ணு?"

"மண்ண யாரு தூக்கிட்டுப் போகப் போறா?"

தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

சோதனை ஓட்டத்தில் ஆள் ஏறக்கூடாதாம். ஆள் எடைக்கு மண்மூட்டைதான் ஏற்றவேண்டுமாம். புதுக் கோட்டு தைத்திருந்த குழுவினருக்கு முகம் செத்துப்போயிற்று. தம்பையாதான் வழி கண்டார்: நாம் போகாவிட்டால் என்ன, நம் மூட்டை போகட்டும். குழுவிலிருந்த லத்தீப் முதலாளியின் கடையிலிருந்து அரிசிச் சாக்குகள் வந்தன. கல் கலவாத மண்ணாகப் பார்த்துப் பெரியாயியின் பாத்தியிலேயே வெட்டினார்கள். ஒவ்வொரு கனவானையும் ஃபெக்டரித் தராசில் நிறுத்து, அவரவர் எடைக்கு மண் கட்டி, தேயிலைப் பெட்டிக்கு அடிக்கும் கறுப்பு மையால் பெயர் போட்டார்கள்.

"ஐயா, எங்க மண்ணுங்க அது. திரும்பக் கெடைக்குங்களா?"

"இங்க சரித்திரம் நடக்குதும்மா," என்றார் தம்பையா. "மண்ணா பெரிசு?"

விமானம் வந்தது. நிஜமாகவே கையகல இடத்தில் இறங்கி, சொன்ன இடத்தில் நின்றது. மூட்டை ஏற்றும்போதுதான் சச்சரவு. முன்வரிசை இல்லாவிட்டால் எந்த மூட்டையும் ஏற மாட்டேன் என்றது.

"சாக்கே என்ட சாக்கு," என்றார் லத்தீப் முதலாளி. "என்னைப் பின்னுக்கு வெக்கிறதா?"

கடைசியில் எல்லா மூட்டையும் முன்னால் குவிந்தது. எட்டிப் பார்த்த விமானி தலையில் கைவைத்தான். இப்படிப் போனால் மூக்கு மண்ணில் குத்தும். அதிக பாரமான மூட்டை வால்பக்கம் போகவேண்டும் என்றான். அதிக பாரம் தலைவர்தான். மாடசாமியும் இன்னொருவனும் தம்பையாவைத் தரதரவென்று வால்பக்கம் இழுத்துப் போட்டார்கள். நிஜத் தம்பையா மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விமானம் எழும்பியது, பசறைப் பக்கம் வட்டமிட்டது, பத்திரமாக இறங்கியது. பெரியாயி மட்டும் கைதட்டவில்லை, கதவையே பார்த்திருந்தாள். மூட்டைகளை இறக்கிவிட்டு அது வெறுமையாகக் கொழும்புக்குப் பறந்தது. இறக்கையில் இன்னும் திருத்த வேலை இருக்கிறதாம். திருத்தினார்களோ என்னவோ, திரும்பி வரவில்லை.

குழு கலையவில்லை. "விமான நிலையம். இங்கே பயிரிடக் கூடாது" என்று பலகை நட்டது. பெரியாயி பலகையை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"தரையிலதானே நடக்கூடாது?" என்றாள்.

கனவான்களை ஒவ்வொருவராக இழுத்துவந்து லயத்துச் சுவரோரம் வரிசையாக நிறுத்தி, சாக்கின் வாயை அவிழ்த்து, விதை ஊன்றினாள்.

அவரை காய்த்த காலத்தில் அந்த வழியாகக் காரில் வந்த தம்பையா இறங்கி நின்றார். தன் பெயருக்கு மேல் கொடி அடர்ந்திருந்தது.

"இது... என்னுதா?"

"ஆமாங்கய்யா. எல்லாரையும் விட நீங்கதான் நல்லாக் காய்ச்சிருக்கீங்க. மண்ணு அதிகமுங்களே."

ஒரு பிடி பறித்து நீட்டினாள். அவர் பலகையைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

காரில் அவரைக்காயை முன் சீட்டில் வைத்தார்.