பத்தேகாலுக்குப் போட்ட டிக்

டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர், பாதி வழியில் நிறுத்திக் காதைத் தீட்டினார். வெளியே எங்கேயோ ஒற்றை என்ஜின் உறுமி, இருமி, அடங்கியது.

"வந்துட்டாருய்யா பல் டாக்டர்!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மேஜைமேல் கிடந்த பயணத் திட்டப் படிவத்தை இழுத்தார். 'வந்து சேர்ந்த நேரம்' என்ற கட்டத்தில் 10.15 என்று எழுதி, பக்கத்தில் அழகாக ஒரு டிக். பிறகு டீயை நிம்மதியாக உறிஞ்சினார். இருபது வருஷமாக இப்படி டிக் போட்டுப் போட்டே அந்தச் சின்ன விமான நிலையத்தில் அவர் பெயர் 'டிக் சார்' என்றாகிவிட்டது.

விதி என்னவோ கறாரானதுதான். சொந்த விமானத்தில் எல்லை தாண்டி வருகிறவர், எத்தனை மணிக்கு எங்கே இறங்குவார், கூட எத்தனை பேர் என்று கிளம்பும் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். இறங்கியதும் 'வந்துட்டேன்' என்று ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும். குறித்த நேரம் தாண்டி அரை மணி ஆகியும் தகவல் இல்லையென்றால், டிக் சார் நாலு பக்கமும் போன் சுழற்றி மீட்புப் படையை எழுப்பியாக வேண்டும்.

ஆனால் டிக் சாரின் அறை மாடியில். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்தான் தெரியும். ஓடுதளத்தைப் பார்க்க வராந்தாக் கோடிவரை நடக்க வேண்டும். கண்ட்ரோல் டவரிலோ வாரத்தில் மூன்று நாள்தான் ஆள். இன்று பூட்டு.

"உங்க மாடிப்படி ஏற என் முழங்கால் ஒத்துழைக்கல சார். போன் பண்ணா லைனும் கெடைக்கல. சத்தம் கேட்டா நீங்களே போட்டுக்கங்களேன்" என்று ஆரம்பித்து வைத்தவர் பல் டாக்டர். அதற்கு நன்றியாக டிக் சாரின் உடைந்த முன்பல்லுக்கு இனாமாக மூடி போட்டுக் கொடுத்தார். டாக்டரைப் பார்த்து அங்கிருந்த ஃப்ளையிங் கிளப்பின் மற்ற விமானக்காரர்களும் அதே வழிக்கு வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் சௌகரியம்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு டாக்டரின் டிரைவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தான்.

"சார், டாக்டர் எப்ப கெளம்பினார்னு தகவல் ஏதாவது உண்டா?"

"என்னப்பா தூங்கிட்டியா? பத்தேகாலுக்கே எறங்கியாச்சே!"

"யாரு சொன்னது? காலைலேர்ந்து ப்ளேன் நிறுத்தற ஹேங்கர் வாசல்லயேதான் சார் நிக்கறேன். லேட்டாக் கெளம்பியிருப்பார்னு நெனச்சேன். அம்மாவும் கூட வர்றாங்க. ரெண்டு பேர் போனுக்கும் லைனே போகல."

"சத்தம் கேட்டுதேப்பா..."

"அது கிளப்போட பழைய ப்ளேன் சார். மெக்கானிக் என்ஜினை மட்டும் ஓட்டிப் பார்த்தான்."

டிக் சாரின் நாக்கு தன்னையறியாமல் முன்பல்லைத் தொட்டது. படிவத்தைப் புரட்டினார். 'விமானத்தில் இருப்போர்: 2.' அந்தக் கட்டத்தை அவர் படித்ததேயில்லை. போனை எடுத்து மீட்புப் படைக்குச் சுழற்றினார்.

மீட்பு ஹெலிகாப்டர் கிளம்பி நாற்பதே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டது. மலைச்சரிவில் மரங்களுக்கு நடுவே சிறகொடிந்து கிடந்தது விமானம். அபாயச் செய்தி அனுப்பும் கருவி மோதலிலேயே நொறுங்கியிருந்தது. டாக்டரின் மனைவி இடுப்பெலும்பு முறிந்து உயிரோடு இருந்தாள். டாக்டர் ரத்தம் வடிந்து வடிந்து, ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் இறந்திருந்தார்.

அன்று சாயந்திரம் நிலைய மேலாளர் கதவைச் சாத்தினார்.

"யோவ், நீ புள்ளகுட்டிக்காரன். டாக்டர் மேல பறந்துக்கிட்டே போன்ல 'எறங்கிட்டேன்'னு சொன்னதா எழுதிக் குடுத்துடு. அந்த லைன்ல பேசறது எதுவும் பதிவாகாது. செத்தவரா வந்து இல்லேங்கப் போறாரு?"

"சரிங்க" என்றார் டிக் சார். எழுதியும் கொடுத்தார்.

மூன்றாம் நாள் ஆபீஸ் சார்பில் ஆறுதல் சொல்ல அவரைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டரின் மனைவி கூரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"விழுந்ததும் எனக்கு தைரியம் சொன்னதே அவர்தாங்க. 'பத்து பத்துக்கு நாம போய்ச் சேரணும். பத்து நாப்பதுக்குத் தேட ஆரம்பிச்சுடுவாங்க, எந்த நாடா இருந்தாலும் இதான் சட்டம், பயப்படாதே'ன்னார். வாட்சையே பார்த்துக்கிட்டுக் கெடந்தார். பதினொண்ணு ஆச்சு. பன்னெண்டும் ஆச்சு. அப்பறம் திடீர்னு, 'ஐயோ, சத்தம் கேட்டா போட்டுக்கச் சொன்னேனே'ன்னார். அதுக்கு மேல வாட்சைப் பார்க்கவேயில்ல." மெல்லத் தலையைத் திருப்பினாள். "என்ன சத்தம்ங்க அது? ஆபீஸ்ல யாருக்காவது தெரியுமா?"

டிக் சாருக்கு வாயைத் திறந்தால் பல்லின் மூடி தெரிந்துவிடும் போலிருந்தது. எழுந்து வந்துவிட்டார்.

ஆறு வாரம் கழித்து விசாரணை. சக்கர நாற்காலியில் அவளும் வந்திருந்தாள். விசாரணை அதிகாரி வாக்குமூலத்தை நீட்டினார். "நீங்க எழுதினதுதானே? டாக்டர் போன் பண்ணினாரா?"

மேஜைக்கடியில் மேலாளரின் கால் டிக் சாரின் காலை மிதித்தது.

"பொய் சார்" என்றார் டிக் சார். "யாரும் போன் பண்ணல. எந்தச் சத்தத்தையோ கேட்டு நானே டிக் போட்டேன். அவருக்கு மாடிப்படி மிச்சம், எனக்கு நடை மிச்சம், கூலியா ஒரு பல். ஒத்தாசைன்னுதான் ரெண்டு பேருமே நெனச்சோம். விதின்னா ஏதோ நம்மளைப் படுத்தறதுக்கு எழுதினதுன்னு இருந்துட்டேன். அது விழுந்து கெடக்கறவன் நம்பிக் காத்திருக்கற வாக்கு சார். கண்ணால பார்க்காம நான் போட்ட டிக்குதான் அவரைக் கொன்னுடுச்சு."

டாக்டரின் மனைவி நாற்காலியைத் தானே உருட்டி முன்னால் வந்தாள்.

"அன்னிக்கு வெளிய வந்து பார்க்கணும்னா, எவ்வளவு தூரம் நடந்திருக்கணும் நீங்க?"

தலைகுனிந்தபடி சொன்னார் டிக் சார்:

"அம்பது தப்படிம்மா."