நீல மெழுகு

நார்வேக்காரன் காலில் சறுக்குப் பலகையோடு பிறக்கிறான். மரணமும் அவனைப் பனிப்பாதையில்தான் வந்து சந்திக்க வேண்டும் என்பது ஓட்வாரின் கொள்கை. எண்பத்திரண்டு வயதில் அது வந்தபோது அவர் ஹாமார் நகரத்து வீட்டுக் கூடத்தில், கம்பளிக் காலுறையோடு கட்டிலில் படுத்தபடி, பலகை பனியில் வழுக்காமல் பிடிக்கப் பூசும் மெழுகு விஷயமாக மகளிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"சிவப்பா பூசுற? யார் சொன்னா?"

"ஈரப்பனிப்பா, நீலம் பிடிக்காது. மலை மேல வெயிலாம்." ஸிஸ்ஸெல் அவருடைய பலகையை இரண்டு நாற்காலிகளில் கிடத்தித் தக்கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வானிலை சொல்றவன் மலைய எப்போ பார்த்தான்? எல்லாத்துக்கும் நீலம் பூசு. ஈஸ்டருக்கு நான் வழக்கம்போல முந்தின நாளே நம்ம மலைக்குடிலுக்குப் போய் அடுப்பு மூட்டி வெக்கிறேன். நீங்க வர்றப்ப குடில் கதகதன்னு இருக்கும்."

ஜன்னலோரம் நின்ற தம்பி பியார்னே தொண்டையைச் செருமினான். ஆஸ்லோவில் வக்கீல், வீட்டிலும் நீதிமன்றக் குரல்தான். "அக்கா, இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்லிட்டார். அவர் பலகைக்கு எதுக்கு மெழுகு?"

"டாக்டர் அவர் வேலைய பார்க்கட்டும். அப்பா நீலம்னுட்டார்."

பூசிய சிவப்பையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு நீலத்தைத் தேய்த்தாள். "இது போதுமாப்பா?"

பதில் இல்லை. மெழுகைப் பற்றிக் கேட்டு ஓட்வார் பதில் சொல்லாதது அதுதான் முதல் தடவை. ஸிஸ்ஸெல் அவர் கண்களை மூடினாள். பிறகு திரும்பி வந்து, மிச்சமிருந்த பாதிப் பலகையையும் தேய்த்து முடித்தாள்.

"பயணம் ரத்து," என்றான் பியார்னே. "துக்கத்துக்குன்னு ஒரு கண்ணியம் இருக்கு. ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் எங்கடா இருக்கு? ஈஸ்டருக்கு எல்லாம் மலைக்குப் போயாச்சு. அப்பா போட்ட திட்டம் இது. சாவு வந்து குறுக்க நின்னா நாம நின்னுடணுமா? அவர் பலகையும் வருது."

பெண் பாதிரியாருக்குப் போன் போட்டால், பின்னால் நாய் குரைத்தது, யாரோ விறகு பிளந்தார்கள். "ரொம்ப வருத்தம்மா. அடக்கத்த ஈஸ்டர் கழிச்சு வெச்சுக்கலாமா? ஆர்கன் வாசிக்கிறவரும் இங்க பக்கத்துக் குடில்லதான் இருக்கார்."

பியார்னேயின் கண்ணியம் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தது. பிறகு ஈஸ்டர் வழக்கப்படி பைக்குள் ஆரஞ்சுகளை அடுக்க ஆரம்பித்தான்.

அப்பாவைப் பிணவறைக்கு அனுப்பிவிட்டு, திட்டத்தில் இம்மி பிசகாமல் கிளம்பினார்கள். அப்பா காரை நிறுத்தும் அதே வளைவில் நிறுத்தி, அதே கசப்புக் காப்பியைக் குடித்தார்கள். மலை மேல் நல்ல வெயில். பனி கஞ்சி மாதிரி குழைந்து கிடந்தது. நீல மெழுகு துளியும் பிடிக்கவில்லை; ஏற்றத்தில் ஓரடி வைத்தால் ஈரடி பின்னால் வழுக்கியது. அப்பாவின் பலகையை முதுகில் கட்டிக்கொண்டு ஸிஸ்ஸெல் முன்னால் ஏறினாள்.

"அக்கா, சிவப்பு பூசியிருந்தா..."

"பேசாம ஏறு."

கடைசி மேட்டில் நின்று பார்த்தாள். குடிலின் புகைபோக்கியிலிருந்து புகை வரவில்லை. பியார்னேயும் பார்த்தான்.

பிறந்ததிலிருந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவர்கள் வந்து சேரும்போது கதவு திறந்தே இருந்திருக்கிறது. சாவியை அப்பா எங்கே வைப்பார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. பின்பக்கத்துக் கக்கூஸ் மட்டும் பூட்டாமல் இருந்தது. அதற்குள் நெருக்கி உட்கார்ந்து ஆரஞ்சு தின்றார்கள்.